பாதியில் நின்ற மேட்டித்துணி விரிப்பும் அறுகோணப் போர்வையும்: எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

நூல்கண்டு, திருச்சி

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். என்னிடம் இரண்டு வேலைகள் பாதியில் நிற்கின்றன. இரண்டையும் முடித்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பணி ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. முதல் ஊசியை எங்கே குத்துவது என்பதில்தான் தடுமாற்றம்.

ஒன்று, மேசை விரிப்பு. வெள்ளை மேட்டித்துணியில், அதாவது கட்டம் கட்டமாக நெய்த பருத்தித் துணியில், பெருக்கல் குறி போன்ற குறுக்குத் தையல். 1991-ல், கல்யாணத்துக்கு முன்பு, கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் தொடங்கினேன். ஆறு பேர் உட்காரும் மேசைக்கான அளவு. மூலைக்கு ஒரு ரோஜாக் கொத்து, கொத்துகளை இணைத்து நான்கு ஓரமும் இலைக்கொடி. இரண்டு மூலைகள் முடிந்துவிட்டன. மூன்றாவதில் பூக்கள் இருக்கின்றன, இலைகள் இல்லை. நான்காவது மூலை வெறும் துணி. கொடி ஒரு பக்கம் மட்டும் ஓடியிருக்கிறது. கட்டத்தாளில் போட்டுவைத்திருந்த படம் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. நூல் மட்டும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது: சிவப்பில் மூன்று ஆழம், கரும்பச்சை, வெளிக்கோட்டுக்குக் கறுப்பு. கறுப்பு நூலில் ஆங்கர் கம்பெனியின் 403 என்ற நிற எண் போட்ட காகிதப் பட்டி இன்னும் இருக்கிறது. மற்றவற்றின் பட்டிகள் கழன்று டப்பாவின் அடியில் தூளாகக் கிடக்கின்றன. இளம்பச்சை ஒரு சாண்கூட மிச்சமில்லை.

துணியின் மடிப்புகள் மஞ்சளித்திருக்கின்றன. மூன்றாவது மூலையில் துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையம் விட்ட வட்டம் அழுக்குக் கோடாகத் தெரிகிறது. அதற்குள்ளே பொட்டு அளவில் ஒரு துருக்கறையும் இருக்கிறது.

இரண்டாவது, ஒட்டுப் போர்வை. என் மாமியார் காரைக்குடிப் பக்கம். அவர் கட்டிப் பழசான கண்டாங்கி, சுங்குடி, சின்னாளப்பட்டிச் சேலைகளை 2009-ல் என்னிடம் கொடுத்தார். வார இதழ்களின் அட்டையை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் சேலைத் துணியை மடித்து நூலோட்டி, ஆறு பக்கமும் சுற்றித் தைத்து இணைக்கும் வேலை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பூப்பூவாகச் சேர்த்தேன். ஒற்றைக் கட்டிலில் பாதியை மூடும் அளவுக்கு வந்த பிறகு மாற்றல் உத்தரவு வந்தது. அதோடு நின்றுபோனது. முன்பக்கத்தில் அட்டைகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. தனித்தனி அறுகோணங்கள் ஒரு தலையணை உறை நிறைய இருக்கின்றன.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. ஆனாலும் அறுகோணத்தை விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், “இது உன் நாத்தனார் வளைகாப்புக்குக் கட்டினது” என்று சொல்லிவிடுகிறார். கண்டாங்கி முரட்டு நூல், சுங்குடி வழுவழுப்பு, அதில் முடிச்சு போட்ட இடம் மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கும். கைக்கு அதெல்லாம் மறக்கவில்லை. இந்தப் போர்வையை அவர் போர்த்திக்கொள்ள வேண்டும். எனக்கு அவசரம் அதில்தான்.

எதை முதலில் எடுப்பது? அப்போது இறுக்கமாகத் தைத்திருக்கிறேன், இப்போது கை தளர்ந்திருக்கிறது. மூன்றாவது மூலையைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைக்கட்டுமா? பட்டி இல்லாத நூலுக்கு நிறம் எப்படிப் பொருத்துவது? திருச்சி வெயிலில் போர்வைக்குள் பஞ்சு வைத்தால் யார் போர்த்துவார்கள்?

---

குமரிக்கடல், நாகர்கோவில்

அக்கா, முதலில் இரண்டையும் பிரித்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். போர்வைக்குள் அட்டை இருக்கிறது என்கிறீர்கள், இராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் பிடிக்கும், கஞ்சி போட்ட துணியும் பிடிக்கும். ஓரங்களில் அரித்த அடையாளம் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்களைப் போன்ற கடற்கரை ஊர்களில் குண்டூசியும் ஒரு மழைக்காலத்துக்குள் துரு பிடித்துவிடும். போர்வையில் குண்டூசி இருந்தால் இன்றைக்கே எல்லாவற்றையும் உருவிவிடுங்கள்.

விரிப்பைப் பற்றி என் யோசனை வேறு. அந்த மேசை இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஆறு பேர் மேசைக்கு ஏன் முடிக்க வேண்டும்? முடிந்த மூலைகள் இரண்டையும் வெட்டி, பின்துணி கொடுத்து, இரண்டு குஷன் உறைகள் தைத்துவிடலாம். என் சித்தி விட்டுப்போன ஒரு பெரிய எம்பிராய்டரியை நான் அப்படித்தான் செய்தேன். தினமும் கண்ணில் படுகிறது, கையில் படுகிறது. பெட்டிக்குள் முழுசாக இருந்ததைவிட எனக்கு இதில்தான் திருப்தி.

---

தையல் டீச்சர், தஞ்சாவூர்

நூல்கண்டு அம்மாவுக்கு வணக்கம். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு லோயர், ஹையர் என்று பிள்ளைகளைத் தயார் செய்தவள். பாதியில் நின்ற வேலைகளோடு என்னிடம் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது நீங்கள் கேட்ட கேள்வியைத்தான்: பழையதைப் பிரிக்கட்டுமா?

பிரிக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் துணியில் பல வருடம் உட்கார்ந்திருந்த சிவப்பைப் பிரித்தால், சிவப்புப் பிசிறு துளைக்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை முறை உதறினாலும், ஒட்டும் தாளால் ஒற்றி எடுத்தாலும், இளஞ்சிவப்பு நிழல் ஒன்று மிஞ்சும். துளைகளும் அகன்றிருக்கும், புதுத் தையல் அதில் உட்காராது. கட்டக் கணக்கு தவறி, அடுத்த வரிசை சேரவே சேராது என்ற நிலை இருந்தால் மட்டும் அந்த வரிசையைப் பிரியுங்கள். இறுக்கம் வேறு, தளர்ச்சி வேறு என்பதற்காகப் பிரிப்பது துணிக்குச் செய்யும் கொடுமை. இருபது வயதுக் கையும் அறுபது வயதுக் கையும் ஒரே விரிப்பில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் அது குறையாகப் படாது.

குமரிக்கடல் வருத்தப்படக் கூடாது, ஆனால் வெட்டவும் வேண்டாம். சித்தியின் வேலையை முடிக்கச் சித்தி இல்லை. இங்கே தைத்தவரே உட்கார்ந்திருக்கிறார். மேட்டித்துணி இழை உருவிக்கொள்ளும் துணி என்பதையும் மறக்கக் கூடாது. ஓரம் அடிக்காமல் வெட்டிவைத்தால் நாலு நாளில் விளிம்பு தாடி விட்டுவிடும், தையல் வரை வந்து நிற்கும்.

இனி வேலைக்கு வருவோம். தைப்பதற்கு முன்பு துவைக்க வேண்டும், துவைப்பதற்கு முன்பு சாயம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். துணியின் பின்பக்கத்தில், ஒவ்வொரு நிறத்தின் மீதும் ஈரப் பஞ்சை வைத்து மேலே வெள்ளைத் துணி போட்டுக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். சிவப்பையும் கறுப்பையும் கட்டாயம் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் ஊறவைக்கும் பேச்சே வேண்டாம், எழுதுங்கள், வேறு வழி சொல்கிறேன். ஏறவில்லை என்றால் அகலமான டப்பில் குளிர்ந்த தண்ணீர், அதில் மிதமான திரவ சோப்பு கொஞ்சம். துணியை விரித்தாற்போல் மூழ்கவிட்டு உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். தண்ணீர் மஞ்சளாக வரும். மாற்றுங்கள், மறுபடி வரும், மறுபடி மாற்றுங்கள். தேய்க்கவும் கூடாது, பிழியவும் கூடாது. குளோரின் கலந்த வெளுப்பு மருந்து பருத்தியை நைய வைக்கும், நூலின் நிறத்தையும் தின்றுவிடும், அது பக்கத்திலேயே வரக் கூடாது. சொட்டு நீலமும் வேண்டாம், மஞ்சளித்த இடத்தில் அது திட்டுத் திட்டாகப் பிடிக்கும். குளியல் துண்டில் சுருட்டி ஈரம் வாங்கி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள்.

துருக்கறையின் மேல் மட்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயில் காட்டலாம். தையலின் மேல் சாறு படாமல் பார்த்துக்கொண்டு, கறை இறங்கியதும் உடனே அலசிவிடுங்கள். கறை முழுவதும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். பிறகு போடும்போது தையல் முகம் கீழே, அடியில் தடித்த துண்டு. பூ நசுங்காமல் எழும்பி நிற்கும்.

படம் தொலைந்ததற்குக் கவலைப்பட வேண்டாம். குறுக்குத் தையலில் படம் துணியிலேயே இருக்கிறது. முடிந்த மூலையை மொபைலில் நேராகப் படம் எடுத்துப் பெரிதாக்கி, கணக்கு நோட்டின் கட்டத்தாளில் கட்டத்துக்குக் கட்டம் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பதற்கு முன்பு முடிந்த இரண்டு மூலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது கொத்து, முதலாவது அப்படியே திரும்பியதா, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியதா? இது தெரியாமல் நான்காவது மூலையைத் தொட்டால் கொடி வந்து சேராது.

அடுத்தது, எல்லோரும் தவறவிடும் இடம். முடிந்த பூவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு குறுக்கிலும் மேலே கிடக்கும் இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கீழ் இடமிருந்து மேல் வலமா, கீழ் வலமிருந்து மேல் இடமா? இப்போது உங்கள் கைக்கு எது வசதியோ தெரியாது. பழையது எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படித்தான் புதியதும் சாய வேண்டும். மாறிவிட்டால் அதே எண் நூலாக இருந்தாலும் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து, ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும். நூலைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்பக்கத்தில் ஒரு நூல் முனையை முறுக்குத் தளர்த்தி எத்தனை இழையில் தைத்திருக்கிறீர்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கர் கண்டு ஆறு இழை. துணி அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் என்றால் பெரும்பாலும் இரண்டு இழை, பதினொன்று என்றால் மூன்று.

நிறம். விரிப்பையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், பகல் வேளையில். நூல் நிறங்களின் மாதிரி ஒட்டிய ஷேட் கார்டை வாங்கி வாசலுக்கு வந்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில், முன்பக்கத் தையலோடு ஒட்டிப் பாருங்கள். டியூப்லைட்டுக்கு அடியில் பச்சை எல்லாம் பொய் சொல்லும். எண் சரியாக அமைந்தாலும் சாயம் போட்ட தொகுதி வேறாக இருக்கும், ஒரு நூலளவு மாறத்தான் செய்யும். சிவப்புக்கு வழி இருக்கிறது: ஊசியில் பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று சேர்த்துக் கோத்து, இடையில் சில வரிசைகள் தைத்துவிட்டு, பிறகு முழுக்கப் புதுசுக்குப் போங்கள். நிறம் எங்கே மாறியது என்று உங்களுக்கே தெரியாது. இளம்பச்சைக்குப் பழைய நூல் இல்லை என்கிறீர்கள். மூன்றாவது மூலையில் இலை ஒன்றுகூட இன்னும் போடவில்லை அல்லவா? அங்கேயிருந்து புதுப் பச்சை தொடங்கட்டும். ஒரு இலையின் நடுவில் நிறம் மாறினால்தான் கண் உறுத்தும், ஒரு கொத்து முழுவதும் ஒரே பச்சையாக இருந்தால் உறுத்தாது. மூன்று, நான்கு இரண்டு மூலைகளுக்கும் மிச்சக் கொடிக்கும் வேண்டிய பச்சையை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரு கண்டு எட்டு மீட்டர்தான்.

நேரடியாக விரிப்பில் உட்காராதீர்கள். மேட்டித்துணித் துண்டு ஒன்றில் ஒரே ஒரு ரோஜாவைத் தைத்துக் கையைப் பழக்குங்கள். வளையத்தின் உள்வட்டத்தில் வெள்ளை நாடா சுற்றிக்கொண்டால் துணி வழுக்காது, தடமும் விழாது. இரவில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள், அந்தத் துருப்பொட்டுக்குக் காரணம் அதுதான்.

போர்வை வேலை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

தார்வாட் மருமகள்

அம்மா, நான் மதுரைக்காரி, வாழ்க்கைப்பட்டது தார்வாடில். போர்வையைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கே வட கர்நாடகத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் கௌதி வீட்டுக்கு வீடு உண்டு. பக்கத்து உத்தர கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாப்பூர் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில், சித்தி என்ற இனத்து மக்கள் (நம் உறவுமுறைச் சித்தி இல்லை) தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்கள் தைக்கும் முறையைப் பார்த்த பிறகுதான் நம்முடைய ஒட்டுப் போர்வைகள் ஏன் பெட்டிக்குள் போய்விடுகின்றன என்பது எனக்குப் புரிந்தது.

நீங்கள் செய்யும் முறையில் மேல்துணியை முழுவதும் இணைத்து முடிக்க வேண்டும். அது ஒரு வேலை. பிறகு உள்துணி, அடித்துணி வைத்து மூன்றையும் நூலோட்டிப் பிடிக்க வேண்டும், அதற்கு வீட்டில் இடம் வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்துத் தைப்பது. பிறகு விளிம்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் பிரசவம் வரும், மாற்றல் வரும், பிள்ளைகளின் பரீட்சை வரும். சித்திப் பெண்கள் ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரித்து, மூலையிலிருந்து ஒட்டுத்துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே விளிம்போடு சுற்றி, உள்ளே உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். ஒட்டுவதும் தைப்பதும் ஒரே வேலை. எந்த நாளில் நிறுத்தினாலும் அதுவரை செய்த இடம் முழுசாக முடிந்த இடம்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இனி அறுகோணம் இணைப்பதை நிறுத்திவிடுங்கள். கட்டிலில் பாதி அளவு வந்திருக்கிறது என்றீர்கள், அது போதும். ஆறு பக்கமும் சேர்ந்துவிட்ட அறுகோணங்களின் அட்டையை உருவுங்கள். விளிம்பில் இருப்பவற்றின் அட்டை மட்டும் இருக்கட்டும், மடிப்பு கலையாமல் இருக்கும். முன்பு துவைத்துச் சுருங்கிப்போன இரண்டு நல்ல பருத்தி வேட்டிகளைக் கட்டில் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். அதன் நடுவில் அறுகோணப் பகுதியை வைத்து நூலோட்டிக்கொண்டு, விரல்கடை இடைவெளியில் ஓட்டுத்தையல் போடுங்கள். விளிம்புக்கு வரும்போது மீதி அட்டையையும் உருவி, மடித்த ஓரத்தை வேட்டியோடு வைத்துத் தைத்துவிடலாம். பிறகு வெளி விளிம்பிலிருந்து சேலைத் துண்டுகளை வைத்து வைத்து உள்நோக்கி வாருங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் போர்வை முடிந்துவிடும். கண்டாங்கியின் அகலக் கரை மிச்சமிருந்தால் வெளிச்சுற்றுக்கு அதைவிடப் பொருத்தமான துணி கிடையாது, நல்ல உழைப்பு.

பஞ்சு வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சு தலையணைக்குச் சரி. போர்வைக்குள் அது ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி கட்டியாகிவிடும், துவைக்கவும் முடியாது. வங்காளத்தின் காந்தாவிலும் சேலை மேல் சேலைதான், பஞ்சு இல்லை. பழந்துணி அடுக்குக்குள் காற்று நின்றாலே பின்பனிக் காலத்துக்குப் போதும்.

இன்னொன்று, உங்கள் மாமியார் விரலாலேயே சேலையை அடையாளம் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுத்தையலை ரொம்ப நெருக்கமாகப் போட்டால் எல்லாத் துணியும் ஒரே மாதிரி சொரசொரப்பாகிவிடும். அவருக்கு ரொம்பப் பிடித்த சேலைத் துண்டுகளில் விளிம்பை மட்டும் தைத்து நடுவை விட்டுவிடுங்கள்.

---

நூல்கண்டு, திருச்சி

டீச்சர் அம்மா, பின்பக்கத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். சிவப்பு மூன்றும் அசையவில்லை, கறுப்பும் அசையவில்லை. விரிப்பைத் துவைத்து உலர்த்திவிட்டேன். முதல் தண்ணீர் டீத் தண்ணீர் நிறத்தில் வந்தது. மடிப்பு மஞ்சள் முக்கால்வாசி போய்விட்டது, வட்டக் கோடு முழுவதும் போய்விட்டது. என் பழைய தையலில் மேலிழை கீழ் வலமிருந்து மேல் இடமாகச் சாய்ந்திருக்கிறது. இப்போது துண்டுத் துணியில் தைத்தால் கை இயல்பாக அதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் இது என் கண்ணிலேயே பட்டிருக்காது.

தார்வாட் தோழி, “எந்த நாளில் நிறுத்தினாலும் அதுவரை முடிந்த இடம்” என்ற வரியை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். “அந்தப் பொம்பளைங்க கெட்டிக்காரிங்க” என்றார். மல் வேட்டிகள் இரண்டை அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார், மாமனாருடையவை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். அட்டையை உருவும்போது சில அறுகோணங்கள் கையோடு கிழிகின்றன. கவனித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே துணி, மாமியாரின் பழைய கலம்காரிச் சேலை. அதிலும் கறுப்புப் பூவேலை இருக்கும் இடம் மட்டும்தான் பொடிகிறது, பக்கத்திலிருக்கும் சிவப்பு கெட்டியாக இருக்கிறது. ஒரே துணியில் ஒரு நிறம் மட்டும் ஏன் இற்றுப்போகிறது? இதைத் தூக்கிப் போட அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை.

---

தையல் டீச்சர், தஞ்சாவூர்

பழைய முறைக் கலம்காரியில் கறுப்பு இரும்பிலிருந்து வருகிறது. இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து, அந்தக் கரைசலைக் கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டினால் கறுப்பாகும். சிவப்புக்குப் படிகாரம் தீட்டி, பிறகு சாயத்தில் வேகவைப்பார்கள். படிகாரம் நூலை அவ்வளவாகப் பாதிக்காது. இரும்பு வருடக்கணக்கில் பருத்தியைத் தின்றுகொண்டே இருக்கும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய துணிகளிலும் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் சேலை அசல் கைவேலை என்பதற்கு இது ஒரு அடையாளம்.

தூக்கிப் போட வேண்டியதில்லை. இற்றுப்போன அறுகோணத்துக்கு அடியில் மெல்லிய மல் துணியை அதே அளவில் வைத்து, கிழிசலைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையலாகப் பிடியுங்கள், நூலை இழுக்காமல். கறுப்புப் பகுதிக்குள்ளேயே ஊசி குத்தினால் அங்கே மேலும் கிழியும், சுற்றியிருக்கும் கெட்டியான துணியில் குத்துங்கள். கைபடும் இடமான விளிம்பில் இவை வர வேண்டாம், நடுவுக்கு மாற்றுங்கள். ரொம்பவும் பொடிந்ததன் மேல் மெல்லிய வலைத்துணி போர்த்தி ஓரம் தைத்துவிட்டால் பூவும் தெரியும், உதிரவும் உதிராது.

---

குமரிக்கடல், நாகர்கோவில்

டீச்சர், வருத்தம் இல்லை. தைத்தவர் இருக்கும்போது வெட்ட வேண்டாம் என்பது சரியான பேச்சு.

அக்கா, கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. படிக்கும் கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு அளந்து கொடுப்பது. மேட்டித்துணியை நாம் அதைவிடக் கிட்டே பிடிக்கிறோம். கண் பரிசோதனைக்குப் போகும்போது வளையத்தோடு துணியை எடுத்துப்போய், தைக்கிற மாதிரி பிடித்துக் காட்டி, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி கேளுங்கள். வெள்ளைத் துணி தைக்கும்போது மடியில் கறுப்புத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் துளைகள் பளிச்சென்று தெரியும். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கை நிழல் துணியில் விழாது. குறுக்குத் தையலுக்கு முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசி போதும், துளையைத் தானே தேடிப் போகும்.

---

நூல்கண்டு, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. காலை வெளிச்சத்தில் விரிப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு போர்வை என்று வைத்துக்கொண்டேன். போர்வையில் மாமியாருக்கும் வேலை கொடுத்திருக்கிறேன். தலையணை உறையில் இருக்கும் தனி அறுகோணங்களை அவர் தடவிப் பார்த்து, கெட்டியானது ஒரு தட்டு, நைந்தது ஒரு தட்டு என்று பிரிக்கிறார். நான் கண்ணால் பார்த்து நல்லது என்று வைத்த சிலவற்றை அவர் நைந்த தட்டுக்கு மாற்றினார். இழுத்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

இளம்பச்சை ஷேட் கார்டில் கிடைத்துவிட்டது, கொத்துக்கும் கொடிக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிட்டேன். மூன்றாவது மூலையில் முதல் இலை போட்டாகிவிட்டது.

தார்வாட் தோழி, கவந்தியின் மூலைகளில் அடுக்கடுக்காக மடித்த துணி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்தேன். அது என்ன? நான்கு மூலைக்கும் வைக்க ஆசையாக இருக்கிறது.

---

தார்வாட் மருமகள்

அதற்குப் பூலா என்று பெயர், பூ என்று அர்த்தம். பூலா வைக்காத கவந்தியைச் சித்திப் பெண்கள் முடிந்ததாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் மடிப்பது இப்படி: மூன்று அங்குலச் சதுரத்தைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கி, மறுபடி ஒருமுறை மடித்துச் சின்ன முக்கோணமாக்க வேண்டும். வேறு வேறு நிறத்தில் இப்படி மூன்று நான்கு செய்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகித் தெரியும்படி அடுக்கி, அடிப்பக்கத்தை மூலையில் செருகி அழுத்தமாகத் தையுங்கள். அங்கே துணி கனமாகிவிடும், எம்பிராய்டரி ஊசி போதாது, கோணி ஊசிக்கு அடுத்த அளவில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே விரலுறையும். வெளிச்சுற்றின் முதல் துண்டைத் தைக்கும்போதே அந்த மூலைக்கான பூலாவைச் செருகிவிடுங்கள், பிறகு செருக இடம் கிடைக்காது.